அம்மா கேட்ட கீதை

இந்தியாவில் மிக அதிகமாக மதிக்கப்படும் புத்தகமும் மிகக் குறைவாகப் படிக்கப்படும் புத்தகமும் பல வீடுகளில் ஒன்றேதான். அதைப் பட்டுத் துணியில் சுற்றி பூஜையறையில் வைத்திருப்பார்கள். அல்லது அலமாரியின் மேல்தட்டில், வேறு எந்தப் புத்தகமும் அதன் மேல் வராதபடி. விசேஷ நாட்களிலும் சாவு வீட்டிலும் அது வெளியே வரும். கை தவறி விழுந்தால் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். அதற்கு எங்கோ அவமரியாதை நடந்ததாக வதந்தி கிளம்பினால் தெருவில் கல் பறக்கும். கல்லை எடுத்தவர்களில் எத்தனை பேர் அந்தப் புத்தகத்தில் ஒரு பக்கத்தையாவது நிதானமாகப் படித்தவர்கள் என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை.

கீதையோ குரானோ பைபிளோ, நிலைமை பெரிதாக மாறுவதில்லை. மறைநூலிடம் பயம் இருக்கிறது, பக்தி இருக்கிறது, கட்சி கட்டும் ஆவேசமும் இருக்கிறது. அபூர்வமாகவே தென்படுவது சந்தோஷம். ஒரு நல்ல நாவலில் மூழ்கியவருக்கோ ஒரு பழைய பாட்டைத் திரும்பக் கேட்டவருக்கோ கிடைக்கும் அதே சாதாரண சந்தோஷம்தான். ஆனால் இன்னும் நீண்ட நாள் தங்கக்கூடியது.

அது கிடைத்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய கதைகளைப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகிறது. இந்த சந்தோஷம் தானாக வந்துவிடவில்லை. யாரோ ஒருவர் வருஷக்கணக்கில் உழைத்து, எட்டாத உயரத்தில் இருந்த புத்தகத்தை சாதாரண ஜனங்களின் வாய்க்கு எட்டும்படி இறக்கி வைக்க வேண்டியிருந்தது. மகாராஷ்டிரத்தில் இந்த வேலை 700 வருஷங்களுக்கும் மேலாக நடந்து வருகிறது.

அதில் மிகவும் பிரபலமான சம்பவம் நடந்தது பரோடாவில், முதல் உலக யுத்த காலத்தில். ருக்மிணி பாய் என்ற மராத்திக் குடும்பத் தலைவி கீதைச் சொற்பொழிவு கேட்கப் போய்க்கொண்டிருந்தார். சமஸ்கிருதம் புரியவில்லை. மராத்தியில் ஒரு கீதை வாங்கி வரும்படி மூத்த மகன் விநாயகனிடம் சொன்னார். மகன் ஒரு உரைநடை மொழிபெயர்ப்பைக் கொண்டுவந்தான். பாட்டாக இருந்தால் நல்லது என்றார் தாய். வாமன பண்டிதரின் செய்யுள் மொழிபெயர்ப்பு வந்தது. அது மூலத்தைப் போலவே கடினமாக இருந்தது. இதைவிட எளிதாக எதுவும் இல்லையே என்று மகன் கைவிரித்தபோது, அப்படியானால் நீயே எழுதலாமே என்று கேட்டார் அந்த அம்மாள்.

மகன் 1916-ல் வீட்டை விட்டு வெளியேறி காந்தியிடம் போய்ச் சேர்ந்தார். நாடு அவரை வினோபா பாவே என்று அறிந்தது. தாய் 1918-ல் இறந்துபோனார். அவருடைய கேள்விக்கு பதில் எழுத வினோபா உட்கார்ந்தது 1930 அக்டோபரில். 1931 பிப்ரவரியில் கீதையின் 700 ஸ்லோகங்களும் எளிய மராத்திச் செய்யுள்களாக முடிந்திருந்தன. நூலுக்கு 'கீதாயி' என்று பெயர் வைத்தார். மராத்தியில் 'ஆயி' என்றால் அம்மா. கீதையும் அம்மாவும் சேர்ந்த பெயர் அது. கேட்டவர் அதைப் படிக்க முடியவில்லை. ஆனால் மகாராஷ்டிரத்தின் லட்சக்கணக்கான அம்மாக்கள் படித்தார்கள்.

கீதாயி முடிந்த மறுவருஷம் வினோபா துலே சிறையில் இருந்தார். 1932 பிப்ரவரி 21-ம் தேதியிலிருந்து ஜூன் 19 வரை ஞாயிறுதோறும் சக கைதிகளிடம் கீதையைப் பற்றிப் பேசினார். 18 அத்தியாயங்களுக்கு 18 பேச்சுகள். கேட்டவர்களில் ஒருவரான சானே குருஜி பேசப் பேச எழுதிக்கொண்டார். அந்தக் குறிப்புகள்தான் பின்னால் தமிழ் உள்பட பல மொழிகளில் புத்தகமாக வந்தன. பேச்சுகளில் பாண்டித்தியம் தலைகாட்டுவதில்லை. அடுப்பு, வயல், குழந்தை, நூற்பு என்று கைதிகள் வீட்டில் விட்டுவந்த உலகம்தான் உதாரணமாக வருகிறது. இந்திய தத்துவத்தின் பெரிய உரைகளுக்கு இல்லாத ஒரு தன்மை அதற்கு உண்டு. பேசுபவருக்கு அந்தப் புத்தகம் பிடித்திருக்கிறது என்பது ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது.

வினோபா முதல் ஆள் அல்ல. அவருக்கு 640 வருஷங்கள் முன்னால், 1290-ல், பிரவரா நதிக்கரையில் உள்ள நெவாசேயில் ஞானேஸ்வரர் இதே வேலையைச் செய்தார். அப்போது அவருக்கு வயது பதினைந்தைத்தான் ஒட்டியிருந்தது என்கிறது மரபு. துறவறம் பூண்டு, பின்பு குருவின் கட்டளைப்படி இல்லறத்துக்குத் திரும்பிய தகப்பனுக்குப் பிறந்த பிள்ளை என்பதால் ஜாதிக்கு வெளியே தள்ளப்பட்ட குடும்பம் அவருடையது. சாஸ்திரம் எந்தக் குடும்பத்தை ஒதுக்கி வைத்ததோ, அந்தக் குடும்பத்துப் பையன் கீதையை எடுத்து சமஸ்கிருதம் அறியாதவர்களுக்காக மராத்தியில் சுமார் 9,000 செய்யுள்களாக விரித்துச் சொன்னான்.

அவர் தேர்ந்தெடுத்த யாப்பு கவனிக்க வேண்டியது. அது 'ஓவி'. மராத்திப் பெண்கள் விடியற்காலையில் திருகையில் தானியம் அரைத்துக்கொண்டே பாடும் பாட்டுக்கும் அதே பெயர்தான். பண்டிதர்களின் மடத்தில் இருந்த நூல் திருகைச் சத்தத்தின் தாளத்தோடு சேர்ந்துகொண்டது. இன்றும் மராத்தி கிராமங்களில் ஏழு நாள் 'சப்தாஹ'த்தில் ஞானேஸ்வரி பாராயணம் செய்கிறார்கள். விவசாயிகளும் வீட்டுப் பெண்களும் வரிசையாக உட்கார்ந்து, ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு பிரதி விரித்திருக்க, சேர்ந்து படிக்கிறார்கள். பரீட்சைக்குப் படிப்பவர்களின் முகம் அல்ல அவர்களுடையது. அதன் முடிவில் வரும் 'பசாயதான்' பிரார்த்தனை மகாராஷ்டிரத்துப் பள்ளிக் குழந்தைகளுக்கும் மனப்பாடம்.

இதற்கு நேர்மாறான காட்சியை அனுபவித்துச் சொன்னவர் பண்டித ரமாபாய். 1858-ல் பிறந்தவர். தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே ஊரார் எதிர்ப்பை மீறி மனைவிக்கு சமஸ்கிருதம் கற்பித்தார். தாய் மகளுக்குக் கற்பித்தார். குடும்பம் ஊர் ஊராகப் போய் கோயில்களிலும் ஆற்றங்கரைகளிலும் புராணம் படித்துப் பிழைத்தது. அர்த்தம் சொல்வது வழக்கமில்லை. காதில் விழுந்தாலே புண்ணியம் என்று ஜனங்கள் உட்கார்ந்தார்கள். காணிக்கை வைத்துவிட்டுப் போனார்கள். படிப்பவருக்குப் பிழைப்பு, கேட்பவருக்குப் புண்ணியம், புத்தகம் நடுவில் பூட்டிய பெட்டி. பஞ்சத்தில் அந்தப் பிழைப்பும் போயிற்று. பெற்றோரையும் அக்காவையும் இழந்து, அண்ணனோடு நடந்தே பல ஊர்களைக் கடந்த ரமாபாய் 1878-ல் கல்கத்தா போய்ச் சேர்ந்தார். அவரது சமஸ்கிருதப் புலமையைப் பார்த்து அங்கே 'பண்டிதா' பட்டம் கொடுத்தார்கள். கேசவ சந்திர சென் வேதத்தின் பிரதி ஒன்றைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னார். பெண்கள் வேதம் படிக்கலாகாது என்றே அதுவரை நம்பியிருந்தவர் ரமாபாய்.

பின்னால் அவர் இங்கிலாந்தில் கிறிஸ்தவரானார். அதற்காக அன்றைய புனே அவரை எளிதில் மன்னிக்கவில்லை. ஆனால் புதிய மதத்திலும் பழைய பிரச்னை காத்திருந்தது. மராத்தி பைபிளின் நடை சமஸ்கிருதம் மிகுந்ததாக இருந்தது. கேட்காவில் அவர் நடத்திய 'முக்தி' இல்லத்தில் அடைக்கலம் புகுந்த ஏழைப் பெண்களுக்கு அது எட்டவில்லை. ரமாபாய் ஹீப்ருவும் கிரேக்கமும் கற்றுக்கொண்டு மூலத்திலிருந்தே பைபிளைப் பேச்சுக்கு நெருக்கமான மராத்தியில் மொழிபெயர்க்க ஆரம்பித்தார். கடைசிக் காலம் முழுவதும் அதிலேயே போயிற்று. 1922 ஏப்ரலில் அவர் இறந்தபோது வேலை முடிந்திருந்தது. அதை அச்சிட்டவர்களும் முக்தியின் பெண்களே.

ஞானேஸ்வரர், ரமாபாய், வினோபா மூவருக்கும் நம்பிக்கைகள் வேறு, காலம் வேறு. ஆனால் மூவரும் நினைத்தது ஒன்றுதான். புரியாத நூலை வணங்கலாம், அதற்கு பயப்படலாம், அதில் மனதைப் பறிகொடுக்க முடியாது.

புரிந்தால் மட்டும் போதுமா என்றால் அதுவும் இல்லை. செய்தித்தாள்கூடப் புரிகிறது, யாரும் அதை மறுநாள் எடுத்துப் படிப்பதில்லை. மறைநூல் படிப்பவர்கள் கண்டுபிடித்த இரண்டாவது விஷயம் நிதானம். சமஸ்கிருத மரபு இதை மூன்று படிகளாகச் சொல்கிறது: சிரவணம், மனனம், நிதித்யாசனம். கேட்பது, கேட்டதைச் சிந்திப்பது, சிந்தித்ததில் நிலைத்திருப்பது. நடுவில் உள்ள 'மனனம்' தமிழுக்கு வந்தபோது மனப்பாடம் என்று அர்த்தம் மாறிப்போனது. நம் பள்ளிக்கூடங்களின் சரித்திரத்தை அந்த ஒரு சொல்லிலேயே படித்துவிடலாம்.

ஆனால் மனப்பாடத்தையும் மட்டம் தட்டிவிட முடியாது. பைபிளின் சங்கீதப் புத்தகத்தில் முதல் சங்கீதமே வேதத்தை இரவும் பகலும் தியானிப்பவனைப் பற்றியது. அங்கே 'தியானம்' என்று மொழிபெயர்க்கப்படும் ஹீப்ருச் சொல்லுக்கு முணுமுணுப்பது என்று அர்த்தம். புறா குமுறுவதற்கும், சிங்கம் இரையின் மேல் உறுமுவதற்கும் பைபிளில் அதே சொல் வருகிறது. ஆக, அந்தக் காலத்து தியானம் கண்ணை மூடி மௌனமாக இருப்பது அல்ல. வரியை வாயில் போட்டு மெல்லுவது. வேதத்தில் மகிழ்வதையே திரும்பத் திரும்பச் சொல்லும் 119-வது சங்கீதம் பைபிளிலேயே மிக நீளமான அத்தியாயம். 176 வசனங்கள். ஹீப்ரு அரிச்சுவடியின் 22 எழுத்துகளுக்கும் எழுத்துக்கு எட்டு வசனம் வீதம் கட்டியிருக்கிறார்கள். நினைவில் நிற்பதற்கு வசதியான ஏற்பாடு. நடந்துகொண்டே, வேலை செய்துகொண்டே சொல்லலாம். குரானும் தன்னை அவசரமாக ஓதச் சொல்வதில்லை. நிறுத்தி நிதானமாக ஓதும் முறைக்கு 'தர்தீல்' என்று பெயர்.

சீக்கியர்களிடம் இரண்டு வழக்கங்களும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. 'அகண்ட பாடம்' என்பது 1,430 பக்கம் கொண்ட குரு கிரந்த சாஹிபை, ஆள் மாற்றி ஆள், நிறுத்தாமல் சுமார் 48 மணி நேரத்தில் வாசித்து முடிப்பது. 'சகஜ பாடம்' என்பது ஒருவர் தனக்கு முடிந்த வேகத்தில், மாதக்கணக்கானாலும் கவலைப்படாமல், ஆரம்பத்திலிருந்து கடைசி வரை படிப்பது. முதலாவது ஒரு விழா. இரண்டாவது ஒரு வாழ்க்கை முறை. அப்படிப் படித்துக்கொண்டு வரும் பஞ்சாபி விவசாயி நடுவில் ஒரு மராத்தியரையும் சந்திக்கிறார். பண்டரிபுரத்து நாமதேவர் என்ற தையல்காரரின் 61 பாடல்கள் அந்த நூலில் உண்டு.

எண்ணிக்கைக்கும் ஈடுபாட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வினோபாவின் வீட்டிலேயே நடந்த இன்னொரு சம்பவம் சொல்லிவிடும். ருக்மிணி பாய் சாமிக்கு ஒரு லட்சம் அரிசி மணி சமர்ப்பிப்பதாக வேண்டிக்கொண்டு, தினமும் ஒவ்வொரு மணியாக எண்ணிப் போட்டார். கணவருக்கு கணித புத்தி. ஒரு தோலா அரிசியை எடுத்து எத்தனை மணி என்று எண்ணி, ஒரு லட்சத்துக்கு எத்தனை தோலா என்று கணக்குப் போட்டு நிறுத்துப் போட்டுவிடலாமே, வேண்டுமானால் கொஞ்சம் கூடுதலாகச் சேர்த்துக்கொள் என்றார். தாய் மகனிடம் கேட்டார். இது கணக்கு அல்ல, ஒவ்வொரு மணிக்கும் சாமியின் நினைப்பு வருகிறது அல்லவா என்றான் மகன். பாராயணத்தை கான்ட்ராக்டுக்கு விடுபவர்களும், ஒரு மண்டலத்தில் இத்தனை முறை என்று இலக்கு வைத்துப் பக்கத்தைத் தள்ளுபவர்களும் தோலா கணக்கில்தான் இருக்கிறார்கள்.

இதுவரை சொன்னது ஒரு பக்கம். மறைநூலில் சந்தோஷம் காண முடியாமல் போனவர்களின் பக்கமும் அதே மகாராஷ்டிரத்தில் இருக்கிறது. அவர்கள் படிக்காததால் அப்படி ஆகவில்லை, படித்ததால் ஆனது. 1927 டிசம்பர் 25-ல் மகாத் நகரில் அம்பேத்கரின் தலைமையில் மனுஸ்மிருதி கொளுத்தப்பட்டது. இந்து சாஸ்திரங்களை அவரளவுக்கு வரி வரியாகப் படித்த அரசியல் தலைவர்கள் குறைவு. நீ தீண்டத்தகாதவன் என்று சொல்லும் புத்தகத்தில் மனம் லயித்துப் போகும்படி ஒருவரிடம் கேட்பது எந்த நியாயத்தில் சேரும்? ஞானேஸ்வரரின் மரபிலேயே வந்த மகர் ஜாதிக் கவி சோகாமேளா பண்டரிபுரம் கோயிலுக்குள் போக முடியாமல் வெளியே நின்றார். அவருடைய சமாதி இன்றும் கோயில் வாசற்படி அருகில்தான் இருக்கிறது. 1948-ல் தீண்டாமை பற்றி எழுதிய புத்தகத்தை அம்பேத்கர் மூன்று பேரின் நினைவுக்குச் சமர்ப்பித்தார். ஒருவர் சோகாமேளா, ஒருவர் ரவிதாஸ், இன்னொருவர் நமது நந்தனார்.

ஆனால் கொளுத்தியதோடு அம்பேத்கர் நிற்கவில்லை என்பதுதான் முக்கியம். கடைசி வருஷங்களில் அவர் நோயோடு போராடிக்கொண்டே 'புத்தரும் அவர் தம்மமும்' எழுதினார். அவர் மறைந்த பிறகு 1957-ல் அது வெளிவந்தது. இன்று மழைக்காலத்தின் மூன்று மாதங்களில், 'வர்ஷாவாஸ்' நாட்களில், மகாராஷ்டிரத்தின் பௌத்த விகாரைகளில் அந்த நூலின் மராத்தி மொழிபெயர்ப்பை உரக்கப் படிக்கிறார்கள். ஒருவர் படிக்க, வேலை முடிந்து வந்த மற்றவர்கள் உட்கார்ந்து கேட்கிறார்கள். எந்த ஜனங்களின் காதில் வேதம் விழக் கூடாது என்று சாஸ்திரம் எழுதியதோ, அவர்கள் தங்களுக்கென்று ஒரு நூலை வைத்துக்கொண்டு அதை ரசிக்கிறார்கள். மறைநூலின் சந்தோஷத்துக்கு மூன்றாவது நிபந்தனையும் உண்டு என்பதை இது காட்டுகிறது. புத்தகத்தில் படிப்பவருக்கு கௌரவமான இடம் இருக்க வேண்டும்.

மறைநூலில் ஊறிப்போனவர் எப்போதும் சரியாகவே முடிவெடுப்பார் என்ற உத்தரவாதமும் கிடையாது. 1975-ல் எமர்ஜென்சி வந்தபோது, வினோபா அதை மகாபாரதத்தின் 'அனுசாசன பர்வம்' என்று குறிப்பிட்டதாக அரசாங்கம் விளம்பரம் செய்தது. அவர் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை என்று அவருடைய சீடர்கள் வாதாடினார்கள். எப்படியானாலும், ஆயிரக்கணக்கானோர் சிறையில் இருந்த நேரத்தில் ஒரு புனித நூலின் பெயர் அதிகாரத்துக்கு வேலை செய்தது. ஒருவர் தனிமையில் ருசித்துப் படித்த சொல்கூட மேடைக்கு வந்தால் இன்னொருவர் கையில் ஆயுதமாகலாம்.

அதே வினோபாதான் மற்றவர்களின் மறைநூல்களையும் சொந்த நூலைப் போலவே படித்தவர். அரபி கற்றுக்கொண்டு குரானை மூலத்தில் படித்தார். அதிலிருந்து தேர்ந்தெடுத்து ஒரு தொகுப்பும் வெளியிட்டார். பைபிள், தம்மபதம், குரு நானக்கின் ஜபுஜி ஆகியவற்றின் மீதும் உழைத்தார். சுதந்திரப் போராட்டத்தில் வேலூர் சிறையில் அடைத்தபோது அங்கே அவர் செய்த வேலைகளில் ஒன்று தமிழ் உள்பட நான்கு தென்னிந்திய மொழிகளையும் கற்றது. தன் புத்தகத்தை உண்மையாகவே ரசிப்பவருக்கு அடுத்தவரின் புத்தகத்தின் மேல் கல்லெறியத் தோன்றுவதில்லை. அதில் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் தோன்றுகிறது. மதக் கலவரங்களுக்குக் காரணம் மறைநூல்கள் என்று சொல்பவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இன்று புத்தகத்துக்குப் பஞ்சமில்லை. ஞானேஸ்வரர் காலத்தில் ஏட்டில் இருந்ததும், ரமாபாய் காலத்தில் பெண்ணுக்குத் தடை செய்யப்பட்டதும் இப்போது ஒரு செல்போனில் அடக்கம். எல்லா மதத்தின் நூல்களும், எல்லா மொழிகளிலும், பெரும்பாலும் இலவசமாக. காலையில் கண் விழித்ததும் வாட்ஸ்அப்பில் சூரியோதயப் படத்தோடு ஒரு ஸ்லோகமோ வசனமோ வந்து நிற்கிறது. வந்த வேகத்தில் இன்னும் பத்து பேருக்குப் போய்விடுகிறது. கோயிலிலும் மசூதியிலும் சர்ச்சிலும் ஒலிபெருக்கி சத்தம் போடுகிறது. எட்டாத உயரத்தில் இருந்த புத்தகம் கைக்கு வந்துவிட்டது. வாய்க்கு வந்ததா என்பதுதான் கேள்வி. மெல்லாமல் விழுங்குவதற்கு இத்தனை பேர் இத்தனை காலம் உழைத்திருக்க வேண்டாம்.

வார்தாவில் கீதாயிக்கு ஒரு மந்திர் இருக்கிறது. அதற்குக் கூரை கிடையாது. உள்ளே விக்கிரகமும் கிடையாது. கீதாயியின் செய்யுள்களைக் கற்பலகைகளில் செதுக்கி, திறந்தவெளியில் வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். தரிசனம் முடித்து ஐந்து நிமிஷத்தில் திரும்ப நினைப்பவருக்கு அங்கே பார்க்க ஒன்றுமில்லை. ஒவ்வொரு பலகையின் முன்னாலும் நின்று படித்துவிட்டுத்தான் அடுத்ததற்கு நகர வேண்டும். முழுவதையும் ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பத்துப் பலகை படித்துவிட்டு, அதில் பிடித்துப்போன ஒரு வரியை பஸ்ஸில் வீடு திரும்பும்வரை முணுமுணுத்துக்கொண்டு போகிறவருக்கு அந்த மந்திரில் கிடைக்க வேண்டியது கிடைத்துவிட்டது.